கிளார்க்கம்மா போர்த்திய பொன்னாடை

ஊராட்சி அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றியவர் நேராக உள்ளே வராமல் சற்றுத் தயங்கினால் போதும், பூமயில் எழுந்துபோய்க் காத்தாடியைப் போட்டுவிடுவார். மேலே தொங்கும் மின்விசிறியை அல்ல, பீரோ ஓரமாக ஸ்டூலின்மேல் இருக்கும் பழைய டேபிள் ஃபேனை. எப்போதோ கீழே விழுந்து அதன் கம்பிக் கூண்டு நசுங்கியதில் இறக்கை உரசும். கடகடவென்று அது சுற்ற ஆரம்பித்தால் எதிரே இருப்பவர் பேசுவதைக் கேட்கவே காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டும். மார்கழிக் குளிரானாலும் சரி, ஐப்பசி மழை வெளியே அடித்து ஊற்றினாலும் சரி, வந்தவர் எழுந்து போகும்வரை அது நிற்காது.

“காத்து வேணாம்மா, சளி புடிச்சிருக்கு” என்று சொல்லிப் பார்ப்பவர்கள் உண்டு.

“அது உங்களுக்கு இல்ல. வெளிய உக்காந்திருக்கவுகளுக்கு” என்பார் பூமயில்.

தென்கடல் ஓரத்தில், கீழக்கரைக்குப் பக்கத்தில் இருக்கிற சின்ன ஊராட்சி அது. அலுவலகத்துக்கு ஒரே அறை, முன்னால் ஒரு வராந்தா. வராந்தாவில் எந்நேரமும் நாலைந்து பேர் இருப்பார்கள். வேலையாக வந்தவர்கள் பாதி, நிழலுக்கு ஒதுங்கியவர்கள் பாதி. கடலுக்குப் போகாத நாளென்றால் கூட்டம் இன்னும் கொஞ்சம் சேரும். பூமயில் இங்கே மாற்றலாகி வந்த புதிதில், புகார் சொல்ல வருகிறவர்களுக்கு மட்டும்தான் காத்தாடியைப் போட்டார். நாலு நாளில் வராந்தா விஷயத்தைக் கண்டுபிடித்துவிட்டது. “ஏலே, காத்தாடி ஓடுது. உள்ள போனது யாருன்னு பாரு” என்று கழுத்தை நீட்ட ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து வீட்டு வரி கட்ட வருகிறவர், குழாய் இணைப்புக்கு அலைகிறவர், தபால்காரர், சும்மா எட்டிப்பார்த்து நலம் விசாரிக்கிறவர் எல்லாருக்கும் காத்தாடிதான். இப்போது அந்தச் சத்தத்தை வைத்து யாரும் எதையும் ஊகிக்க முடியாது. வராந்தாக்காரர்களுக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

ஐம்பதைத் தொடப்போகிற வயது பூமயிலுக்கு. நெடுநெடுவென்று உயரம், அதற்கேற்ற சதை கிடையாது. ஸ்கூட்டரை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியதும், நசுங்கிப்போன பூவைத் தலையிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடியும் அதையே வைத்துக்கொள்வார். வேலையின் பெயர் ஊராட்சிச் செயலர். அந்தப் பெயரை அரசாங்கக் கடிதங்கள் மட்டுமே சொல்லும், ஊருக்கு அவர் கிளார்க்கம்மா. மத்தியானச் சோற்றுக்குக் கருவாடு இல்லையென்றால் முகம் வாடிவிடும். கடற்கரை அறியாத விவசாயக் குடும்பத்தில் பிறந்த தனக்கு இந்தக் கடலோர உத்தியோகம் தந்த ஒரே லாபம் அதுதான் என்று அவரே சொல்வார்.

“பேரு வேணாம். எங்கன, என்னன்னு மட்டும் சொல்லுங்க.” வந்தவர் உட்கார்ந்ததும் அவர் சொல்கிற முதல் வார்த்தை இது. ஆர்வக்கோளாறில் ஒருவர் தன் பெயரையும் தகப்பன் பெயரையும் சொல்லத் தொடங்கினால் கையை உயர்த்தி நிறுத்திவிடுவார். கேட்கும்போது எதையும் எழுதமாட்டார். எதிரில் இருப்பவரைப் பார்க்கவும் மாட்டார், ஜன்னலுக்கு வெளியே தெரியும் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி இருப்பார். யாராவது அந்தப் பக்கம் கடந்துபோனால், வரி பாக்கியைப் பற்றிப் பேசுவதுபோலச் சத்தமாக ஒரு வார்த்தை சொல்லி வைப்பார். வந்தவர் போனபிறகு, அன்றைக்கோ மறுநாளோ, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தானே நேரில் போவார். சாக்கடை அடைத்திருந்தால் மூக்கைப் பொத்தாமல் குனிந்து பார்ப்பார். பொதுப்பாதையில் ஒருவர் வேலி போட்டிருந்தால் அந்த வேலிக்காரரிடமே போய் வழி கேட்பார். திரும்பி வந்து, ‘ஆய்வின்போது நேரில் கண்டறியப்பட்டது’ என்று எழுதுவார். கண்டது அவர் என்பதால் பகை வந்தாலும் அவருக்கே வந்து சேரும்.

ஒன்றிய அலுவலகத்தில் இந்தப் பழக்கத்துக்கு நல்ல பெயர் இல்லை. மனுதாரர் பெயர் என்று அச்சடித்திருக்கும் இடத்தில் எல்லாம் அவர் ‘பொதுமக்கள்’ என்று எழுதி அனுப்பியிருந்ததைப் பார்த்து ஓர் அதிகாரி பொறுமை இழந்துவிட்டார். “நான் யாருக்கும்மா பதில் அனுப்புறது? பொதுமக்கள், இந்தியான்னு விலாசம் எழுதி அனுப்பட்டுமா?”

“எனக்கு அனுப்புங்க சார். சொல்ல வேண்டியவுகளுக்கு நான் சொல்லிக்கிறேன்” என்றார் பூமயில்.

மனுஷி எல்லாவற்றையும் பூட்டிவைக்கிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஊராட்சியின் வரவும் செலவும் அலுவலகச் சுவரில் பெயின்டில் எழுதியிருக்கும், பழசானால் அழித்துப் புதுசாக எழுதவைப்பார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் யாராவது மனுப் போட்டால், கெடு முடியட்டும் என்று காத்திராமல் பதில் போய்விடும். கிராம சபையில் தீர்மானங்களை விழுங்காமல் முழுசாக வாசிப்பார். “ஆபீஸ் கணக்க எவன் வேணாலும் வந்து பாத்துக்கட்டும். வந்துட்டுப் போனவுக பேர மட்டும் என்னயக் கேக்காதீக” என்பது அவர் பேச்சு.

வீட்டிலும் இதே கதைதான். கணவர் இருளாண்டி சரக்கு வண்டி ஓட்டுகிறவர், நாலு ஊர்ப் புழுதியையும் நாலு ஊர்ச் செய்தியையும் வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆள். சாப்பிடும்போது, “இன்னைக்கு ஆபீசுக்கு யாரு வந்தா?” என்று வெள்ளந்தியாகக் கேட்பார். “ஆளுக வந்தாக” என்று பதில் வரும். “என்ன சோலியா வந்தாக?” “அவுக சோலியா வந்தாக.” இருளாண்டி சோற்றைப் பிசைந்தபடி, “நீ பஞ்சாயத்துல வேல பாக்குறியா, இல்ல உளவுத் துறையிலயா?” என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். பூமயில் சிரிக்கமாட்டார். ஏன் சிரிக்கவில்லை என்று இருளாண்டிக்கும் தெரியும் என்பதால் பேச்சு அதோடு கருவாட்டுக்குப் போய்விடும்.

பூமயில் முன்பு இப்படி இருந்தவர் இல்லை. வடகடல் ஓரத்தில், திருப்பாலைக்குடியைத் தாண்டித் தாழைமுனை என்ற ஊரில்தான் அவர் வெகுகாலம் வேலை பார்த்தார். அங்கே சேர்ந்ததும் செய்த முதல் காரியம், அலுவலக வாசலில் தொங்கிய திரைச்சீலையைக் கழற்றித் தரை துடைக்கப் போட்டது. அவருக்கு முன்னால் இருந்தவர் எதைக் கேட்டாலும் ‘நாளைக்கு வா’ என்று பீரோவைப் பூட்டிக்கொள்கிற ரகம். பூமயில் கதவு, ஜன்னல், பீரோ எல்லாவற்றையும் திறந்துபோட்டார். கம்ப்யூட்டர் வந்ததும் அதன் திரையை எதிரில் இருப்பவர் பக்கம் திருப்பி, “நீங்களே பாத்துக்கங்க” என்றார். எழுதப் படிக்கத் தெரியாதவர் மனு கொண்டுவந்தால், சரியாக எழுதியிருக்கிறதா என்று உரக்க வாசித்துக் காட்டுவார். அப்போது அவருக்கு வெண்கலக் குரல். எதிர்த்த டீக்கடையும் சேர்ந்து கேட்கும். யாராவது “கொஞ்சம் மெதுவா...” என்று இழுத்தால், “இதுல என்ன ரகசியம் வேண்டிக்கெடக்கு” என்று சிரிப்பார். ஊருக்கு அந்தக் குரலும் சிரிப்பும் பிடித்துத்தான் இருந்தன.

சாத்திய கதவு என்றாலே அவருக்கு ஆகாது. ஆர்.எஸ். மங்கலத்துக்கு மேற்கே ஒரு கிராமம் அவருடையது. அய்யாவை மாட்டுச் சந்தைக்கு அனுப்பிவிட்டு, கூடப்பிறந்தவர்கள் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நிலத்தைப் பங்கு பிரித்துவிட்டார்கள். கண்மாய்ப் பாய்ச்சல் உள்ளதெல்லாம் அவர்களுக்குப் போனது, அய்யாவுக்கு வந்தது கருவேலங்காடு. சந்தையிலிருந்து வந்த அய்யா அந்தக் கதவுக்கு வெளியே நின்றதை, பாவாடை கட்டிய வயதில் பூமயில் பார்த்தார். உலகத்தில் நடக்கிற அநியாயமெல்லாம் கதவைச் சாத்திக்கொண்டுதான் நடக்கிறது என்று அன்றைக்கு மனசில் பதிந்துவிட்டது. அது பெரும்பாலும் உண்மைதானே. கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டிய நல்ல விஷயமும் இருக்கலாம் என்று அவருக்குத் தோன்றாமல் போனதுதான் பிசகு.

சொல்லிக்கொடுக்காமலும் இல்லை. ராமநாதபுரத்தில் நடந்த பயிற்சி வகுப்பில் ஓர் அதிகாரி, எந்தத் தகவலைக் கேட்டால் கொடுக்க வேண்டும், எந்தத் தகவலைக் கேட்டாலும் கொடுக்கக் கூடாது என்று இரண்டையும் பொறுமையாக விளக்கினார். நம்பிச் சேதி சொன்னவரை அடையாளம் காட்டிவிடக் கூடாது என்பது கொடுக்கக் கூடாதவற்றில் வந்தது. பூமயில் எழுந்து நின்று, “அதெல்லாம் லஞ்சக் கேசு, கொலைக் கேசுக்கு சார். எங்க ஊர்ல எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் வேண்டியவுக” என்றார். வகுப்பு சிரித்தது. அதிகாரியும் சிரித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார்.

நஃபீசா வந்தது ஒரு வெள்ளிக்கிழமை, ஆண்கள் எல்லாரும் ஜும்மா தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம். தெருப்பக்கமாக வராமல் தண்ணீர்த் தொட்டியின் பின்புறமாகச் சுற்றிக்கொண்டு வந்தார். கணவர் அரபு நாட்டில், தம்மாமில் வேலையில் இருந்தார். நஃபீசாவும் மகள் ஹுமைராவும் இருந்தது கணவரின் அண்ணன் சதக்கத்துல்லாவின் வீட்டில், ஒரு பாதியில். சதக்கத்துல்லா ஜமாத்தில் மதிப்பான மனிதர். ஊருக்கு வெளியே இறால் பண்ணை வைத்திருந்தார்.

“மழ பேயுற நேரமாப் பாத்துப் பண்ணத் தண்ணிய வாய்க்கால்ல தொறந்து விடுறாக கிளார்க்கம்மா. அது நேரா ஊருணிக்குத்தான் வருது. எங்க வீட்டு மோட்டாரு, எங்க வீட்டு ஆளுக. எனக்குத் தெரியாம இருக்குமா?” என்றார் நஃபீசா. “புள்ள மேலெல்லாம் புண்ணு. எம் புள்ள மட்டுமா, பாதி ஊரு அந்தத் தண்ணியத்தான குடிக்குது. மச்சானும் கெட்டவுக இல்ல. சொன்னாக் கேக்குற எடத்துலதான் நான் இல்ல.”

தண்ணீர் கொடுத்ததைக்கூடக் குடிக்காமல், வந்த வழியாகவே போய்விட்டார். அவர் வந்த நேரத்தையும் வந்த வழியையும் இன்றைக்கு நினைத்தால் பூமயிலுக்கு நெஞ்சு வேகிறது. விவரம் தெரியாத பிள்ளைக்குக்கூடப் புரிந்திருக்கும். பூமயிலுக்குப் புரியவில்லை. அந்த அம்மாளின் தைரியத்தை நினைத்து அவர் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தார். ஊராட்சித் தலைவராக இருந்த சஃபீரும் அவருமாக மேலே எழுதி, விடாமல் போன் போட்டு, அதிகாரிகளை வரவழைத்தார்கள். அதிகாரிகள் மழையில் நனைந்துகொண்டு வாய்க்காலைப் பார்த்தார்கள், சீசாவில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்கள், வாய்க்காலுக்கு வந்த குழாயை அடைக்கவைத்தார்கள். யாரோ வேண்டாதவன் செய்த வேலை என்று சதக்கத்துல்லா நினைத்துக்கொண்டார். பக்கத்துப் பண்ணைக்காரன்மேல் கொஞ்சநாள் சந்தேகம் இருந்தது, பிறகு அதுவும் ஆறிப்போனது. அடுத்தடுத்த மழையில் ஊருணி நிரம்பி நல்ல தண்ணீரானது. அதோடு விட்டிருந்தால் எல்லாருக்கும் நிம்மதி.

பங்குனி வெயிலில் தண்ணீர் நாள் கிராம சபை வந்தது. நல்லது செய்தவருக்குச் சபையில் ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும் என்று பூமயிலுக்கு ஆசை. பள்ளிக்கூடத்துக்கு மேசை கொடுத்தவருக்குப் போர்த்தியிருக்கிறார்கள், தெருவுக்குக் குப்பைத்தொட்டி வாங்கித் தந்தவருக்குப் போர்த்தியிருக்கிறார்கள். ஊருக்கே குடிதண்ணீர் மீட்டுக் கொடுத்தவருக்கு ஒன்றும் இல்லையா? சஃபீர் தயங்கினார். வயதில் சின்னவர்தான், ஆனால் அந்த ஊரிலேயே பிறந்தவர்.

“பேரு சொல்லணுமாக்கா?”

“சொன்னா என்ன தலைவரே. திருட்டுக் காரியமா பண்ணுனாக?”

“அவுகள்ட்டயாவது ஒரு வார்த்த கேட்டுக்கங்க.”

“கேட்டா வேணாம்னுதான் சொல்லுவாக. மரியாத தெரிஞ்சவுக யாரு எனக்குப் பொன்னாட போத்துங்கன்னு சொல்லுவாக?”

நம் பக்கத்து மரியாதை அப்படித்தான் இருக்கிறது. விருந்துக்கு வந்தவர் போதும் என்றாலும் இன்னொரு கரண்டி வைக்கிறோம். அந்தப் பழக்கத்தில்தான் பூமயில் கேட்காமல் விட்டார். தொண்டிக்குப் போய், தன் கைக்காசில், ஊதா நிறத்தில் சரிகைக் கரை போட்டதாகப் பார்த்து வாங்கி வந்தார்.

பந்தலின் கீழே ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். முன்வரிசையில் சதக்கத்துல்லா. பெண்கள் பக்கத்தில் கடைசிக்கு முந்தின வரிசையில் நஃபீசாவும் ஹுமைராவும். பூமயிலுக்கு மைக் தேவையில்லை, இருந்தும் பிடித்துக்கொண்டார். “இன்னைக்கு நம்ம ஊருணித் தண்ணிய நம்பிக் குடிக்கிறோம்னா அதுக்கு ஒரு பொம்பள காரணம். வீட்டு மனுசரோட பண்ணைன்னுகூடப் பாக்காம, ஊருக்காக எங்கிட்ட வந்து சொன்னாக. நம்ம நஃபீசாம்மா. முன்னால வாங்கம்மா.”

கைதட்டல் ஒன்று கிளம்பி, பாதியில் நின்றது. நஃபீசா எழுந்திருக்கவில்லை. கூச்சம் என்று எடுத்துக்கொண்ட பூமயில் தானே இறங்கிப் பெண்கள் நடுவே போய், பொன்னாடையை விரித்துத் தோளில் போர்த்தினார். கையில் பட்ட தோள் நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்குகிறது என்று நினைத்தார். அதை நினைத்ததற்காகத்தான் அவர் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை.

சதக்கத்துல்லா சண்டை போடவில்லை. எழுந்து, “நல்ல காரியம்” என்று சொல்லிவிட்டு நடந்தார். வீட்டில் அவர் மனைவியும் கடிந்து ஒரு வார்த்தை பேசவில்லை. பேசவே இல்லை. இரண்டு பாதிக்கும் நடுவே இருந்த கதவு சாத்தப்பட்டது. தம்மாமிலிருந்து கணவர் பேசினார், நீளமாகப் பேசினார். நோன்பு பிறப்பதற்கு முன்பே நஃபீசா மகளை அழைத்துக்கொண்டு தங்கச்சிமடத்தில் இருக்கும் தன் உம்மா வீட்டுக்குப் போய்விட்டார். ஹுமைராவுக்குப் பேசிக்கொண்டிருந்த சம்பந்தம் நின்றது. அடுத்து வந்ததும் நின்றது. சொந்த வீட்டின் மேலேயே மனுக் கொடுத்த குடும்பத்தில் பெண் எடுத்தால் நம் வீட்டுக்கு என்ன கதி என்று பேசிக்கொண்டார்களாம். மகளுக்கு ஒரு வாழ்க்கை அமையவேண்டுமே என்பது ஒன்றுதான் நஃபீசாவின் கவலையாகிப்போனது.

பூமயில் அல்வாப் பொட்டலத்தோடு சதக்கத்துல்லா வீட்டுக்குப் போய்ப் பார்த்தார். நாற்காலி போட்டார்கள், டீ கொடுத்தார்கள், நஃபீசா ஊருக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். அந்த மரியாதையில் அவருக்கு டீ இறங்கவில்லை. சஃபீரிடம் எண் வாங்கி நஃபீசாவைப் போனில் பிடித்தபோது அந்தப் பக்கம் அழுகை இல்லை, ஏச்சும் இல்லை.

“நான் உங்ககிட்டதான சொன்னேன் கிளார்க்கம்மா” என்றது அந்தக் குரல். “ஊருகிட்டச் சொல்லணும்னா எனக்கு வாய் இல்லையா?”

அதோடு போன் வைக்கப்பட்டுவிட்டது. பூமயில் மறுபடி அடித்தபோது நஃபீசா எடுக்கவில்லை. அதற்குப்பின் அடிக்க இவருக்கு முகம் இல்லை.

அடுத்த ஐப்பசியில் குழாய் திறந்துகொண்டது. வாய்க்காலில் வாடை வந்தது, ஊருணி உப்புக் கரித்தது. தாழைமுனையில் அது தெரியாதவர் ஒருவரும் இல்லை. அலுவலகத்துக்கு வந்து சொன்னவரும் ஒருவரும் இல்லை. திறந்த கதவுக்குள் பூமயில் தனியாக உட்கார்ந்திருந்தார். கடைசியில் தானே குடையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையில் போய் நின்றார், பார்த்தார், தான் பார்த்ததாகவே எழுதினார். அவர் பழக்கம் ஆரம்பித்தது அங்கேதான். குழாய் மறுபடி அடைபட்டது. கிளார்க்குக்குப் பண்ணைக்காரர்மேல் தனிப்பட்ட விரோதம் என்று பேச்சுக் கிளம்பி, கொஞ்ச நாளில் மாற்றல் உத்தரவு வந்தது. வடகடலிலிருந்து தென்கடலுக்கு. இருளாண்டி தன் சரக்கு வண்டியிலேயே சாமான்களை ஏற்றிக்கொண்டு வந்தார்.

குரல் அப்போதுதான் இறங்கியது. இப்போது கிளார்க்கம்மா பேசினால் முன்னால் குனிந்துதான் கேட்க வேண்டும். ஸ்கூட்டரில் போகும்போது மட்டும் தனக்குள் பேசிக்கொண்டு போவார். ஹெல்மெட்டுக்குள் உதடு அசைவது எதிரே வருகிறவர்களுக்குத் தெரியும். ‘நான் உங்களக் கேட்டிருக்கணும்மா. கேக்காம விட்டுட்டேன்.’ என்றைக்காவது நஃபீசாவை நேரில் பார்த்தால் சொல்ல வேண்டிய வார்த்தைகள் அவை. சொல்லிச் சொல்லி மனப்பாடமாகிவிட்டன.

சென்ற மாதம் இங்கே கல்யாண மண்டபத்தில் குறைதீர் முகாம் நடந்தது. வருவாய்த் துறை, மின்வாரியம், ஆதார் என்று மேசை மேசையாகப் போட்டிருந்தார்கள். வாசலை ஒட்டிய மேசையில் பூமயில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுத்து எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று கைகாட்டிக்கொண்டிருந்தார். மேலத்தெருப் பெரிய வீட்டம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். வாய் நிறையப் பேசுகிறவர், சந்தோஷமாக இருந்தால் இன்னும் கூடுதலாகப் பேசுவார். அன்றைக்குச் சந்தோஷமாக இருந்தார்.

“கிளார்க்கம்மா, இவுக எங்க சம்மந்தி. புது மருமக ஹுமைராவோட உம்மா. தங்கச்சிமடத்துல தனியா கெடக்க வேணாம்னு நாந்தான் இங்கனயே கூட்டியாந்துட்டேன். ஆதார்ல விலாசம் மாத்தணும்.”

பூமயில் நிமிர்ந்தார். சம்பந்தியம்மாவின் தோளுக்குப் பின்னால் நஃபீசா நின்றார். சற்று மெலிந்திருந்தார், நெற்றி ஓரம் நரைத்திருந்தது.

“சொந்த ஊரு தாழைமுன” என்று சம்பந்தியம்மா தொடர்ந்தார். “நீங்க முந்தி அங்கனதான வேல பாத்தீக? இவுகளத் தெரியாம இருக்காதே.”

நஃபீசாவின் முகத்தில் கோபம் இருந்திருந்தால் பூமயில் தாங்கிக்கொண்டிருப்பார். இருந்தது பயம். மகள் வாழவந்த வீட்டுக்கு இன்னும் தெரியாத ஒரு கதையை, இந்த வாய் இப்போது இத்தனை பேருக்கு நடுவில் மறுபடியும் சொல்லிவிடுமோ என்ற பயம். மனப்பாடம் செய்த வார்த்தைகள் பூமயிலின் நாக்கு நுனிக்கு வந்து நின்றன. சொன்னால் நெஞ்சுப் பாரம் இறங்கிவிடும். என்னத்தைக் கேட்காமல் விட்டீர்கள் என்று பக்கத்தில் நிற்பவர் கேட்பார்.

“அது பெரிய ஊராச்சேம்மா” என்றார் பூமயில். “பொம்பளையாளுக ஆபீசுப் பக்கம் வரமாட்டாக. இவுகள நான் பாத்ததே இல்ல.”

நஃபீசா ஒரு கணம் அவரையே பார்த்தார். “ஆமா” என்றார் மெதுவாக. “நானும் பாத்ததில்ல.”

“நல்லாருக்கு போங்க. ஒரே ஊர்ல இருந்துட்டு மூஞ்சி தெரியலங்கிறீக. இப்பவாவது பழகிக்கங்க” என்றார் சம்பந்தியம்மா.

பூமயில் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். பார்க்கிறவர்களுக்குப் புது ஆளுக்குச் சொல்கிற வணக்கம்தான் அது. இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, தலையை நன்றாகத் தாழ்த்தினார். வரிசை பின்னாலிருந்து நெருக்கியது. “என்ன கிளார்க்கம்மா, எங்க சம்மந்திக்கு இம்புட்டுப் பெரிய கும்பிடா?” என்று சம்பந்தியம்மா சிரித்தார். நஃபீசா தன் பையைத் திறந்து, ஆதார் அட்டையை எடுத்து, மேசையின்மேல் அவர் பக்கமாக மெல்ல நகர்த்தி வைத்தார். அதுவரைக்கும் பூமயில் கூப்பிய கையை இறக்கவில்லை.